கைத்தூய்மையும் தோல்நலமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமய விழா மேடையிலே சவர்க்காரத்தைப் பற்றியும் தொற்றுநீக்கியைப் பற்றியும் பேசுவது பொருந்துமோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே எமது துணிபு. கோயிலுக்குப் போகுமுன் கிணற்றடியிலே கைகால் கழுவுவதும், வீட்டுக்கு வந்தவருக்கு முதலிற் செம்பிலே தண்ணீர் கொடுப்பதும், உண்ணுமுன்னும் உண்டபின்னும் கை அலம்புவதும் நம்மவர் வழக்கங்கள். ஆதலின் கை தூயதாயிருக்க வேண்டும் என்பதை எவரும் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், அந்தக் கையைப் போர்த்தியிருக்கும் தோலைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை. நாமும் நினைத்திருக்கவில்லை. எம்மை நினைக்க வைத்தவர் ஓர் ஆச்சி.

2020 ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே கொரோனா நோய் நம் நாட்டிற் பரவத் தொடங்கியது. ஊரடங்கு நீங்கி மக்கள் மீண்டும் கூடத் தொடங்கிய நாட்களில், எமது சங்கத்து இளைஞர்கள் மண்டப வாசலிலே முறைவைத்து நின்று, உள்ளே வருவோர் கைகளிலெல்லாம் தொற்றுநீக்கி ஊற்றினோம். ‘சனிரைசர்’ என்ற பெயர் அப்போது மூன்று வயதுக் குழந்தையின் வாயிலும் வழங்கியது. அன்னதானத்துக்குக் கிடாரங்களும் தாம்பாளங்களும் கழுவித் தரும் ஆச்சி ஒருவர் அவ்வழியே வந்தார். எம்மைக் கண்டதும் இரு கைகளையும் முதுகின் பின்னே மறைத்துக் கொண்டார்.

“ஆச்சி, கையை நீட்டுங்கோ” என்றோம்.

“வேண்டாம் பிள்ளையள், அது எரியும்” என்றார்.

நாங்கள் விடவில்லை. பலருடைய நன்மைக்காகச் செய்கின்றோம் என்ற பெருமிதம் எங்களுக்கு. ஈற்றில் அவர் கையை நீட்டினார், நாங்கள் ஊற்றினோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அவர் கைகளை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். விரலிடுக்குகளிலே தோல் உரிந்து சிவந்திருந்தது. மொழிகளிலே கோடை வயலைப் போல வெடிப்புக்கள். படியாத மனுசி, மருந்தென்றால் அஞ்சுகிறார் என்று எண்ணிய எங்களுக்கு அன்று வெட்கமாயிருந்தது. அந்த வெட்கமே இவ்வுரைக்குக் காரணம்.

தோல் என்பது என்ன? அதனை வெறும் உறையென்று கருதுதல் தவறு. தோலின் ஆக மேலே, உடலின் பெரும்பாகத்திற் கடதாசித் தாளிலும் மெல்லியதான ஒரு படை உண்டு. அதனை ஒரு செங்கற் சுவருக்கு ஒப்பிடலாம். இறந்து தட்டையான கலங்கள் செங்கற்கள். அவற்றினிடையே நிறைந்திருக்கும் கொழுப்புப் பொருள்கள் சாந்து. இச்சுவர் உடலின் ஈரத்தை வெளியே போகவிடாது. வெளியேயுள்ள கிருமிகளையும் நச்சுப் பொருள்களையும் உள்ளே வரவிடாது. தோலின் மேற்பரப்புச் சற்றே அமிலத்தன்மையும் உடையது. அந்த அமிலமும் தீய கிருமிகள் பெருகாமற் காக்கும் ஒரு காவலே.

சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. அழுக்கையும் எண்ணெயையும் கரைத்து நீரோடு போக்குவது அதன் தொழில். அழுக்கெண்ணெய் எது, தோலின் சாந்தாகிய கொழுப்பு எது என்று அது வேறுபாடு பார்ப்பதில்லை. நாளுக்குச் சில தடவை கழுவினால் தோல் அவ்விழப்பைத் தானே ஈடுசெய்துகொள்ளும். நாள் முழுவதும் சலவைத்தூள் நீரிலே கை ஊறினால் ஈடுசெய்ய நேரம் கிடையாது. சாந்து குறையக் குறையச் சுவர் வெடிக்கின்றது. பாத்திரங் கழுவுவோர், துணி வெளுப்போர், தாதியர், சிகையலங்காரம் செய்வோர், மீன் வெட்டுவோர் ஆகியோரிடத்தே கைத்தோல் அழற்சி மிகுதியாகக் காணப்படுவது இதனாலேயே.

இனி, கையைக் கிருமிநீக்கும் வழக்கம் எங்ஙனம் தோன்றியது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். அவ்வரலாற்றிலே கிருமியின் கதையோடு தோலின் கதையும் பின்னியிருக்கின்றது.

1846 ஆம் ஆண்டு. ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவின் பொது வைத்தியசாலையிலே இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றிலே மருத்துவ மாணவர்களும், மற்றதிலே மருத்துவிச்சிகளும் பயிற்சி பெற்றனர். மருத்துவிச்சிகளின் பிரிவில் அவ்வாண்டு நூறு தாய்மாருள் ஏறத்தாழ 3 பேர் இறந்தனர். மாணவர் பிரிவிலோ 11 பேருக்கு மேல் இறந்தனர். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தவர் இக்னாஸ் செமெல்வைஸ் என்னும் இளம் வைத்தியர். 1847 இல் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெற்ச்கா, பிரேத பரிசோதனையின்போது கத்தி பட்ட காயத்தினால் நோயுற்று இறந்தார். தாய்மாரைக் கொன்ற சுரத்தின் குறிகளே அவருடலிலும் காணப்பட்டன. பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மாணவரின் கைகளே நஞ்சைச் சுமந்து வருகின்றன என்று செமெல்வைஸ் தெளிந்தார். அவ்வாண்டு வைகாசி மாதம் முதல், குளோரீன் சேர்ந்த சுண்ணாம்பு நீரிலே ஒவ்வொருவரும் கை கழுவியே உட்புக வேண்டும் என்று விதித்தார். சித்திரையில் நூற்றுக்கு 18 ஆயிருந்த இறப்பு, ஆனியில் 2 ஆகக் குறைந்தது. ஆடியில் ஒன்றை அடுத்து வந்தது.

இத்துணைச் சான்று இருந்தும் மூத்த வைத்தியர் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கைகளே கொலைக் கருவிகள் என்று கேட்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. 1865 இல் மனநோயாளர் இல்லத்தில் அடைக்கப்பட்ட செமெல்வைஸ், புண் ஒன்றினால் உண்டான குருதி நஞ்சேற்றத்தினால் இறந்தார். எந்த நோயைத் தடுக்கப் போராடினாரோ அதற்கு உறவான நோயே அவரையும் கொண்டது.

பின்னர், கிருமிகளே நோய்க்குக் காரணம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதும் மறு கோடிக்கு ஓடியது. கடுமையான இரசாயனங்களிலே வைத்தியரும் தாதியரும் கைகளைத் தோய்த்தனர். 1889 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே கறொலைன் ஹம்ப்ரன் என்னும் தலைமைத் தாதி சத்திரசிகிச்சைக் கூடத்திற் பணிபுரிந்தார். கிருமி கொல்வதற்காகப் பயன்படுத்திய இரசக் குளோரைட்டு நீரினால் அவர் கைகளிலும் முழங்கைகளிலும் தோல் அழன்றது. வேலையை விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை. சத்திரசிகிச்சை நிபுணராகிய வில்லியம் ஹால்ஸ்ரெட், றப்பர் கொம்பனி ஒன்றைக் கொண்டு மெல்லிய கையுறைகள் செய்வித்து அவருக்குக் கொடுத்தார். கையுறை அணிந்தமையால் அத்தாதியின் கைகள் ஆறின. 1890 இல் இருவருக்கும் திருமணமும் நடந்தது. நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், அக்கையுறைகள் நோயாளியைக் காக்கச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு பெண்ணின் தோலைக் காக்கச் செய்யப்பட்டவை. மற்ற உதவியாளரும் அவற்றை அணியத் தொடங்கிய பின்னரே, அணிந்தவர் சிகிச்சை செய்த இடங்களிற் புண் சீழ்கொள்வது குறைவதைக் கண்டனர். தோலைக் காக்கப் போய் உயிரைக் காக்கும் வழி ஒன்று கிடைத்தது.

மூன்றாவது இடம் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரம். அங்குள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையிலே 1994 இல் டிடியே பிற்றே என்னும் வைத்தியரும் அவருடைய குழுவினரும், கை சுத்தம் செய்ய வேண்டிய வேளைகளில் ஊழியர்கள் உண்மையில் எத்தனை தடவை செய்கின்றனர் என்று கணக்கெடுத்தனர். நூற்றுக்கு 48 தடவையே செய்தனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் தொட்டியடிக்கு நடந்து சென்று கழுவித் துடைத்து வருவதானால் நோயாளரைப் பார்க்கவே நேரமிராது. அத்துடன், அத்தனை தடவை சவர்க்காரம் போட்டாற் கைகளும் தாங்கா. ஆகவே ஒவ்வொரு கட்டிலருகிலும் அற்ககோல் திரவத்தை வைத்தனர். 1997 இல் அந்த 48 என்பது 66 ஆக உயர்ந்தது. 1994 இல் நூற்றுக்கு 16.9 ஆயிருந்த வைத்தியசாலைத் தொற்று, 1998 இல் 9.9 ஆகத் தாழ்ந்தது. இன்று நம் கடைவாசல்களில் இருக்கும் குப்பியின் பெருமை அங்கே பிறந்தது.

அக்குப்பியினுள் என்ன இருக்கின்றது? உலக சுகாதார நிறுவனம் எந்த நாட்டவரும் தாமே தயாரிக்கத்தக்கதாக வெளியிட்ட முறையிலே, எதனோல் என்னும் அற்ககோல் நூற்றுக்கு 80 பங்கு, கிளிசரீன் 1.45 பங்கு, ஐதரசன் பரவொட்சைட்டு 0.125 பங்கு, எஞ்சியது நீர். அற்ககோல் கிருமிகளின் புரதத்தைச் சிதைக்கின்றது. கொரோனா போன்ற வைரசுகளின் கொழுப்புறையையும் குலைக்கின்றது. அவ்வேலைக்குச் சிறிது நீரும் வேண்டும். ஆகையால் நீரே கலவாத அற்ககோல் இன்னும் திறமாய் வேலைசெய்யும் என்று எண்ணுதல் தவறு. 60 பங்கிற்குக் குறைந்தாலும் திறன் குன்றும். பரவொட்சைட்டு, குப்பிக்குள் தங்கக்கூடிய கிருமி வித்துக்களை அழிப்பதற்காக. கிளிசரீனோ கையின் தோலுக்காகச் சேர்க்கப்படுவது. தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பது அதன் தொழில். கிருமியைக் கொல்லும் மருந்துக்குள்ளேயே தோலுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கின்றார்கள் என்பதை மறவாதிருப்போமாக.

இப்போது ஆச்சியிடம் திரும்புவோம். தொற்றுநீக்கி தோலைக் கெடுக்கும், சவர்க்காரமே சாது என்பது பலருடைய எண்ணம். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. அற்ககோலும் தோலின் கொழுப்பைச் சிறிது கரைக்கவே செய்யும். ஆயினும் அது ஆவியாகிப் போகும்போது கரைந்த கொழுப்பிற் பெரும்பகுதி கையிலேயே தங்கிவிடுகின்றது. சவர்க்காரமும் நீருமோ அதனைக் கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. கிளிசரீன் சேர்ந்த நல்ல தொற்றுநீக்கி, அடிக்கடி சவர்க்காரம் இடுவதைக் காட்டிலும் தோலுக்குக் குறைந்த தீங்கையே செய்யும் என்பது தாதியரிடத்தே செய்த பல ஆய்வுகளிற் கண்ட முடிவு. அப்படியானால் ஆச்சிக்கு எரிந்ததேன்? எரிவு புண்ணை உண்டாக்கவில்லை. முன்னமே இருந்த புண்ணை வெளிப்படுத்தியது. பல ஆண்டுகளாகச் சலவைத்தூளும் பொச்சும் கொண்டு எங்கள் எச்சிற் பாத்திரங்களைக் கழுவியதால் அவருடைய தோற்சுவர் வெடித்திருந்தது. அந்தச் சலவைத்தூளை வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஒருசோடி கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதிலே இரக்கம் மட்டுமன்றி அறிவும் அடங்கியிருக்கின்றது. வெடித்த தோலிலே நோய்க்கிருமிகள் எளிதிற் குடியேறும்; அங்கிருந்து அவற்றை அகற்றுவதும் கடினம். கை எரிகிறவர் கை கழுவுவதைத் தவிர்க்கவும் தொடங்குவார். எனவே தோல் கெட்டால் தூய்மையும் கெடும். தோலைப் பேணுவது அழகுக்காக மட்டும் என்று எண்ணி ஒதுக்கற்க.

இனி, நாளாந்த வாழ்விலே கடைப்பிடிக்க வேண்டியவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, எங்கே எதனைப் பயன்படுத்துவது என்பது. கையிலே மண், எண்ணெய், உணவு முதலியன படிந்திருந்தால் தொற்றுநீக்கி பயன்தராது. சவர்க்காரமும் நீருமே வேண்டும். மலசலகூடம் சென்று வந்த பின்னும், சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும் அவ்வாறே. வாந்திபேதியை உண்டாக்கும் நோரோ வைரசு போன்ற சில கிருமிகள் அற்ககோலுக்கு எளிதில் மசியா. நாமோ கையினாற் பிசைந்து உண்பவர்கள். ஆதலின் பந்தியிலே தொற்றுநீக்கிக் குப்பியை நீட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருத்தல் கூடாது. நீர் கிடையாத இடத்திலும், பேருந்துப் பயணத்திலும், நோயாளரைப் பார்க்கச் செல்லும்போதும் தொற்றுநீக்கி பேருதவி.

இரண்டாவது, செய்யும் முறை. தொற்றுநீக்கியை உள்ளங்கை நிறைய எடுத்து, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகநுனி எங்கும் படும்படி, காயும்வரை 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். ஈரக் கையில் ஊற்றினால் அது நீர்த்துப்போகும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய உடனே தொற்றுநீக்கியும் பூசுவது தோலுக்கு இரட்டைத் தண்டனை, ஒன்று போதும். கழுவும்போது சுடுநீர் வேண்டா. சவர்க்காரம் மோதிரத்தின் கீழும் விரலிடுக்கிலும் தங்காதபடி அலசி, சுத்தமான துணியால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும்.

மூன்றாவது, தோலுக்கு ஊட்டம். இரவிலே படுக்குமுன் சிறிது தேங்காயெண்ணெயோ வசிலீன் போன்ற பசையோ கைகளிற் பூசலாம். நறுமணச் சரக்குக் கலந்த விலையுயர்ந்த களிம்புகள் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். மீன் மணம் போகவேண்டித் தேசிக்காயைக் கையிலே தேய்த்துவிட்டு வெயிலில் நிற்பதும் தீது. தேசிக்காய்ச் சாறு பட்ட தோல் வெயிலிற் கருகிக் கொப்புளிப்பதுண்டு. நெடுநேரம் நீரிலே வேலைசெய்வோர் றப்பர்க் கையுறையும், அதனுள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் அணிதல் நன்று. வெடிப்பு ஆறாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நான்காவது, அபாயங்கள். அற்ககோல் தீப்பற்றும், அதன் சுவாலையோ பகல் வெளிச்சத்திற் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. தொற்றுநீக்கி காயாத கையோடு கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்ள நீட்டுவதும், விளக்குத் திரி தூண்டுவதும் பேராபத்து. குப்பியை விளக்கடியிலும் அடுப்படியிலும் வைத்தலாகாது. குழந்தைகளின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். அன்றியும், எதனோலுக்குப் பதிலாக மெதனோல் என்னும் நஞ்சு கலந்த போலிச் சரக்குகளும் உண்டு. 2020 இல் அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிக்கோ மாநிலங்களில் அத்தகைய திரவத்தைக் குடித்த 15 பேர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 4 பேர் இறந்தனர். சிலர் பார்வை குன்றி மீண்டனர். பெயரும் விவரமும் இல்லாத குப்பியை மலிவென்று வாங்கவே கூடாது.

விவரம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. பல குப்பிகளிலே விவரம் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்ததுபோற் சிறிய எழுத்தில் இருக்கின்றது. நம் ஆச்சிமார் அதனை எங்ஙனம் வாசிப்பர்? வியன்னாவிலே செமெல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே 1847 ஆம் ஆண்டில், அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயிலே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். வேற்று நாட்டவர் ஒருவர் நம் மொழியிலே அதைச் செய்தாரெனில், ஆங்கிலமும் தமிழும் கற்ற நாம் ஒரு குப்பியின் விவரத்தையேனும் வீட்டிலுள்ளோருக்கு வாசித்துச் சொல்லலாகாதா?

அன்பர்களே! ஆச்சியின் கதையின் எச்சத்தையும் சொல்லிவிடுகின்றோம். நாங்கள் கையுறை வாங்கிக் கொடுத்தோம். முதற்சோடி பெரிதாய்ப் போனதால், எண்ணெய்க் கிடாரம் வழுக்குகிறதென்று அவர் கழற்றி வைத்துவிட்டார். அளவறிந்து நீண்ட கையுறை தேடிக் கொடுத்தபின் அணியலானார். இரவிலே எண்ணெய் பூசவும் பழகினார். இளைஞர்கள் முறைவைத்துத் தாம்பாளங்களைக் கழுவத் தொடங்கினோம். அன்றுதான் அந்த வேலையின் பாரம் எங்கள் கைகளுக்கும் தெரிந்தது. சில கிழமைகளில் அவருடைய வெடிப்புக்கள் பெரும்பாலும் ஆறின. அடுத்த விசேட நாளில் வாசலிலே தாமாகவே கையை நீட்டி, “இப்ப ஊத்துங்கோ பிள்ளையள், எரியாது” என்றார்.

அப்பர் சுவாமிகள் உழவாரம் ஏந்திய கையினர் என்பதை நாம் அறிவோம். கோயிலிற் புல்லைச் செதுக்கிய கையை வணங்கும் நாம், நம் மண்டபத்திலே பாத்திரங் கழுவும் கையைப் பார்க்காமல் இருக்கலாகாது. எனவே இவ்வாண்டு எமது சங்கம் மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும் என்று இந்த அவையிலே விண்ணப்பிக்கின்றோம். பந்தியருகிலே சவர்க்காரமும் நீரும் வைத்தல் ஒன்று. தொற்றுநீக்கிக் குப்பியைத் தீபத்துக்குத் தூரமாக, தமிழில் எழுதிய குறிப்போடு வைத்தல் இரண்டு. சமையற்கட்டிலே கையுறையும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும் என்றும் குறையாதிருக்கச் செய்தல் மூன்று. செலவு சிறியது. இன்று வீடு சென்றதும், உங்கள் வீட்டிலே பாத்திரங் கழுவுபவர் யாரோ, தாயோ, மனைவியோ, சகோதரியோ, அவருடைய கைகளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.